ஐம்பது புள்ளி முன்னிலையைக் காப்பது: போட்டி பிளாக்ஜாக்கின் கடைசிக் கை

சீட்டுப் போடும் கேசினோ ஊழியரான டீலரைவிட அதிகப் புள்ளி எடுக்க வேண்டும், ஆனால் 21-ஐத் தாண்டக் கூடாது; அதுதான் பிளாக்ஜாக் சீட்டாட்டம். போட்டி பிளாக்ஜாக்கில் சொந்தப் பணம் கையை விட்டுப் போவது ஒரே ஒரு முறை, நுழைவுக் கட்டணம் செலுத்தும்போது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே அளவு சிப்களைத் தருவார்கள். அவற்றைக் காசாளரிடம் கொடுத்துப் பணமாக்க முடியாது. ஐந்து முதல் ஏழு பேர் ஒரு மேசையில் அமர்ந்து இருபது, இருபத்தைந்து, முப்பது கைகள் ஆடுவார்கள் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை). கடைசிக் கை முடியும்போது யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். எதிராளியைவிட 5 புள்ளி கூடுதலாக இருந்தாலும் வெற்றி, 2,000 கூடுதலாக இருந்தாலும் அதே வெற்றி.

நான் லாஸ் வேகாஸில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். உள்ளூர்க்காரர்கள் வந்துபோகும் கேசினோக்களில் வார நாள் மாலைகளில் நடக்கும் சிறு போட்டிகள் என் பொழுதுபோக்கு. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்து நான் எரிச்சலடையும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் பொறுமையாக ஆடிச் சின்ன முன்னிலை சேர்த்த ஒருவர், கடைசிக் கை வந்ததும் ‘வருவது வரட்டும்’ என்று உச்சவரம்பு வரை சிப்பைத் தள்ளிவிடுவார். வருவதை வரவிட வேண்டிய அவசியமே இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவருக்கு அந்த முன்னிலையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடியும்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எண்களை வைத்துக்கொள்வோம். உங்களிடம் 1,050. எதிராளியிடம் 1,000. குறைந்தபட்சப் பந்தயம் 10, உச்சவரம்பு 500, மிகச் சிறிய சிப் 5. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் அதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர்; அது விழுந்தால் பந்தயத்தில் ஒன்றரை மடங்கு கிடைக்கும். முதல் இரண்டு சீட்டின் கூட்டுத்தொகை எதுவானாலும் டபுள் போடலாம், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கி இன்னும் ஒரே ஒரு சீட்டு வாங்கலாம். மற்றவர்கள் எல்லோரும் காலியாகிவிட்டார்கள், நீங்கள் இருவர்தான் மிச்சம் என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் கடைசியில் பந்தயம் வைக்கிறார்?

முன்னிலை எவ்வளவு என்பதற்கு முன் இதைக் கேளுங்கள். போட்டி மேசையில் பட்டன் ஒன்று கைக்குக் கை நகர்ந்துகொண்டே இருக்கும். பட்டன் யார் முன்னால் இருக்கிறதோ அவர் முதலில் பந்தயம் வைக்க வேண்டும், சீட்டையும் முதலில் ஆட வேண்டும். கடைசியில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதே 50 புள்ளி முன்னிலை, நீங்கள் கடைசியில் இருந்தால் என் தோராயக் கணக்கில் ஐந்தில் நான்கு முறை வெற்றியாகிறது. முதலில் இருந்தால் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

ஆகவே ஐந்தாறு கைகள் மீதம் இருக்கும்போதே விரல் விட்டு எண்ணிவிடுங்கள்: கடைசிக் கையில் பட்டன் எங்கே நிற்கும்? இருவர் மட்டும் மிஞ்சியிருந்தால் அது மாறி மாறி வரும். கடைசிக் கையில் நீங்கள் முதலாவது என்றால், அதற்கு முந்தைய கையில் கடைசி. முந்தைய கையிலேயே பெரிதாகப் பாய்ந்து முன்னிலையை அகலமாக்கிக்கொள்ளலாமே என்று சிலர் வாதிடுவார்கள். நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. அவர் வைப்பதை ஒட்டியே வைத்து, இருந்த இடைவெளியோடு கடைசிக் கைக்குப் போவதுதான் என் வழக்கம்.

எதிராளியின் சிப்களை எண்ணும் பழக்கமும் அப்போதே தொடங்க வேண்டும். பல போட்டிகளில் கடைசிக் கைகளுக்கு முன் டீலர் எண்ணி அறிவிப்பார். அதுவரை உங்கள் கண்தான். அமெரிக்க மேசைகளில் பொதுவாகச் சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. கறுப்பு அடுக்கின் உயரத்தைப் பார்த்து, பச்சைகளை நாலு நாலாகப் பிரித்துவிட்டால் சில நொடிகளில் கணக்கு வந்துவிடும். ‘ஏறக்குறைய ஆயிரம் இருக்கும்’ என்பது உதவாது. 995-க்கும் 1,000-க்கும் உள்ள வித்தியாசத்தில் மேசைகள் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கடைசியில் இருந்தால்

எதிராளி யோசித்துவிட்டு 500 வைக்கிறார். பின்தங்கியிருப்பவர் வேறென்ன செய்வார்! இப்போது உங்கள் முன் இரண்டு வழிகள். ஒன்று, 10 மட்டும் வைத்துவிட்டு அவர் தோற்க வேண்டும் என்று காத்திருப்பது. நூறு கைகள் ஆடினால் ஒருவர் ஏறத்தாழ 43 வெல்வார், எட்டோ ஒன்பதோ டீலரோடு சமனாகிப் பந்தயம் அப்படியே திரும்பி வரும், மற்றவை தோல்வி. அதாவது இந்த வழியில் நூற்றில் 43 முறை உங்கள் முன்னிலை பறிபோகும்.

மற்றொன்று, அவர் வைத்ததை ஒட்டி வைப்பது. இருவருக்கும் டீலர் ஒருவரே என்பதை இங்கே மறக்கக் கூடாது. நூற்றில் ஏறத்தாழ 28 முறை டீலர் 21-ஐத் தாண்டிவிடுவார்; அப்போது தாண்டாமல் நிற்கும் எல்லோரும் சேர்ந்து வெல்வார்கள். டீலருக்கு 20 விழுந்தால் பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து தோற்பார்கள். இருவரும் வென்றாலும் முன்னிலை உங்களுடையது, இருவரும் தோற்றாலும் உங்களுடையது. அவர் வென்று நீங்கள் வெல்லாமல் போவது தோராயமாக ஏழில் ஒரு முறைதான். அதோடு, அவர் சமனாகி நீங்கள் தோற்கும் சில கைகளையும் அவருக்கு பிளாக்ஜாக் விழும் சில கைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் 43-க்குப் பக்கத்தில்கூட வராது.

ஒட்டி வைப்பது என்றால் எவ்வளவு? அவர் வென்றால் 1,500. அதைத் தாண்ட உங்களுக்கு 455 போதும், 1,505 ஆகிவிடும். பலர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். அவர் டபுள் போட்டால்? அவருடைய 1,000 முழுவதும் மேசைக்கு வந்துவிடும், வென்றால் 2,000. நீங்கள் 455 வைத்துவிட்டு டபுள் போட்டால் எட்டுவது 1,960. நாற்பது புள்ளி குறைகிறது. 475 வைத்தால் சரியாக 2,000, சமன். 480 வைத்தால் 2,010. எனவே 480 முதல் 500 வரை எதை வைத்தாலும் சரி. நான் 480 வைப்பேன், தோல்வியில் கூடுதலாக இருபது கையில் மிஞ்சும் என்பதற்காக.

பந்தயம் வைத்தாகிவிட்டது, சீட்டும் வந்துவிட்டது. இனிமேல் சீட்டின் எந்தக் கூட்டுத்தொகைக்கு எதை ஆடுவது என்று நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அட்டவணையை ஓரமாக வையுங்கள். எடுத்துக்காட்டாக, டீலரின் திறந்த சீட்டு 6. எதிராளி 11-இல் டபுள் போடுகிறார், 2 விழுந்து 13-இல் நிற்கிறார். உங்களிடம் 15. அட்டவணை ‘நில்’, அதாவது மேலும் சீட்டு வாங்காதே என்று சொல்லும். நின்றால் என்ன ஆகும்? டீலர் 21-ஐத் தாண்டினால் அவருக்கு 2,000, உங்களுக்கு 1,530; ஆட்டம் போயிற்று. டீலர் தாண்டாவிட்டால் அவருடைய 13 தோற்று அவர் பூஜ்யமாகிவிடுவார், நீங்கள் என்ன செய்திருந்தாலும் வெற்றி உங்களுடையது. ஆகவே 15-இல் டபுள் போடுங்கள். அது மோசமான சீட்டாகி 960 போனாலும் 90 கையில் இருக்கும், பூஜ்யத்துக்கு எதிராக அது போதும். தாண்டாமல் ஒரு சீட்டு விழுந்து டீலர் தாண்டிவிட்டால் 2,010. பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைப் பைத்தியக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இதற்கு நேர்மாறாக, எதிராளி சீட்டு வாங்கி 21-ஐத் தாண்டிவிட்டால் அவரிடம் 500. நீங்கள் 480 தோற்றாலும் 570. கையை அசைத்து நின்றுவிடுங்கள். ஆர்வத்தில் டபுள் போடுபவர்கள்கூட உண்டு.

நீங்கள் முதலில் என்றால்

இதுதான் கடினமான இடம். போன ஆண்டு சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கையில் முதலாவதாக நான் 45 வைத்தேன். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டான்: “முன்னால் இருப்பவர் தைரியமாக அல்லவா வைக்க வேண்டும்? ஏன் அத்தான் இப்படிப் பிச்சைக்காசு மாதிரி வைத்தீர்கள்?”

அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நீங்கள் 500 வைத்தால் எதிராளி 10 வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். நீங்கள் தோற்றால் 550. அவர் தோற்றாலும் 990. நீங்கள் தோற்பது நூற்றில் கிட்டத்தட்ட 49 முறை. உங்கள் முன்னிலையை உங்கள் கையாலேயே சீட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள். கொஞ்சமாக வைத்தால் பாரம் அவர் தலைக்கு மாறுகிறது: அவர் பெரிதாக வைத்து, வென்றே தீர வேண்டும். அது 43 முறை, டபுள் போன்றவற்றின் தயவில் இன்னும் ஓரிரண்டு கூடலாம். மிஞ்சும் நாலைந்து முறைதான் உங்கள் சாதகம். சிறிதுதான், ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஏன் சரியாக 45? முன்னிலை 50. அதைவிட ஒரு சிப் குறைவாக வைத்தால், நீங்கள் தோற்று அவர் சமனானாலும் 1,005-க்கு 1,000 என்று நீங்களே முன்னால். 50 வைத்தால் அந்த நிலையில் சமன், 55 வைத்தால் தோல்வி. பத்தே வைக்கலாம்தான். ஆனால் எதிராளி தயங்கித் தயங்கி நடுத்தரமாக வைப்பவராக இருந்தால் 45-இன் வெற்றி சில சமயம் வேலை செய்யும். ஒன்று நினைவிருக்கட்டும்: இந்தக் கையில் டபுள் போடாதீர்கள், ஜோடி வந்தாலும் இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு கைகளாகப் பிரிக்காதீர்கள். 90 போனால் 960 ஆகி, அவர் சமனாவதே அவருக்கு வெற்றியாகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. அது ஆளைப் பார்த்துச் செய்ய வேண்டியது. சிலர் பின்தங்கிவிட்டால் எதையும் பார்க்கமாட்டார்கள். முன்னால் இருப்பவர் என்ன வைத்திருந்தாலும் 500-ஐத் தள்ளுவார்கள். கை சிப்பைத் தேடிப்போகும் வேகத்திலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு எதிரே முதலில் இருந்தாலும் நான் 480 வைப்பேன். அவர் வழக்கம்போல 500 வைத்தால், கடைசியில் இருப்பவருக்குரிய ஒட்டும் பந்தயம் முதலில் இருக்கும் எனக்கே கிடைத்துவிடுகிறது. கணக்குத் தெரிந்தவர் எதிரே இருந்தால் இது ஆபத்து: அவர் 10 வைத்துவிட்டு, நான் தோற்கட்டும் என்று காத்திருப்பார். இவ்வளவு நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து அவர் எந்த வகை என்று தெரியவில்லை என்றால், 45-தான்.

மறைத்து வைக்கும் பந்தயம் இருந்தால் இந்த வரிசைக் கணக்கு கலைந்துவிடும். 2006-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த அல்டிமேட் பிளாக்ஜாக் டூர் அப்படித்தான். எட்டாவது, பதினாறாவது, இருபத்தைந்தாவது கைகளில் ஆளை வெளியேற்றுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு முறை பந்தயத்தை எழுதி மறைத்துக் கொடுக்கலாம். அந்த முறையில் ஆடுவதாக இருந்தால், மறைக்கும் உரிமையைக் கடைசிக் கை வரை செலவழிக்காமல் வைத்திருங்கள். எதிராளி ஏற்கெனவே செலவழித்துவிட்டாரா என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வைக்க வேண்டிய கொடுமையிலிருந்து உங்களைக் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான்.

சீட்டு எண்ணத் தெரிந்தால், அதாவது வெளிவந்த சீட்டுகளைக் கணக்கில் வைத்து மிச்சத்தை ஊகிக்கத் தெரிந்தால், இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 2004-இல் ஜிஎஸ்என் தொலைக்காட்சி நடத்திய முதல் உலக பிளாக்ஜாக் தொடரை வென்ற மைக் அபோன்டே, சீட்டு எண்ணுவதில் புகழ்பெற்ற எம்ஐடி (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) குழுவில் ஆடியவர் என்பது உண்மை. ஆனால் எண்ணுவதால் கிடைப்பது ஓரிரு சதவீதச் சாதகம்; அது ஆயிரக்கணக்கான கைகளில் பலன் தரும். இருபத்தைந்து கைப் போட்டியில் கடைசியில் 480 வைப்பதா 455 வைப்பதா என்பதே அதைவிடப் பெரிது.

மூன்றாவது ஆள்

இதுவரை இருவர் ஆட்டம். மேசையில் 700 வைத்திருக்கும் மூன்றாமவர் ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள். நீங்களும் இரண்டாமவரும் முட்டி மோதி ஆளுக்கு 500 வைத்துத் தோற்றால் உங்களிடம் 550, அவரிடம் 500. பத்துப் புள்ளி வைத்துச் சும்மா இருந்த மூன்றாமவர் பரிசோடு போய்விடுவார். அவர் சின்னதாக வைத்துக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால், ஒட்டி வைக்கும் வழியின் மதிப்பு குறைகிறது: டீலர் எல்லோரையும் அடிக்கும் கைகள் இனி உங்களுடையவை அல்ல.

மேசையிலிருந்து இருவர் முன்னேறலாம் என்பது விதியாக இருந்தால் கதையே வேறு. முதலிடத்தை மறந்துவிடுங்கள். உங்கள் போட்டி மூன்றாமவரோடுதான், அவரைவிட 350 முன்னால் இருக்கிறீர்கள். அவர் 500 வைத்துச் சாதாரணமாக வென்றால் 1,200. நீங்கள் கடைசியில் இருந்து 155 வைத்தால், வெல்லும்போது 1,205. தோற்கும்போது 895, அவர் சமனாகி நிற்கும் 700-ஐவிட அதிகம். 345-க்கு மேல் போகாதீர்கள். போனால் உங்கள் தோல்வியும் அவருடைய சமனும் சேர்ந்து உங்களைக் கீழே இறக்கிவிடும். இரண்டாம் இடமே போதும் என்னும்போது முதலிடத்துக்காகச் சண்டை போட்டு வெளியேறுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

இன்சூரன்ஸ், சரண்டர்

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்றால், அவருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று பந்தயத்தில் பாதி வரை தனியாக வைப்பதுதான் இன்சூரன்ஸ்; இருந்தால் இரண்டு மடங்கு கிடைக்கும், இல்லாவிட்டால் அது போய்விடும். சாதாரண மேசையில் இன்சூரன்ஸ் வாங்காதே என்பது நல்ல அறிவுரை. இங்கே நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எதிராளி வாங்கினாரா? அவர் 500, நீங்கள் 480 வைத்திருக்க, டீலர் முன்னால் ஏஸ். அவர் 250-க்கு இன்சூரன்ஸ் எடுத்து, டீலருக்கு பிளாக்ஜாக் இருந்துவிட்டால் அவர் 1,000-லேயே நிற்பார். எடுக்காத நீங்கள் 570. எனவே அவர் எடுத்தால் நீங்களும் 240-க்கு எடுங்கள். அவர் எடுக்காவிட்டால் நீங்களும் தொடாதீர்கள். டீலருக்கு பிளாக்ஜாக் இருந்தாலும் 570-க்கு 500 என்று நீங்கள்தான் முன்னால். வீணாக 240-ஐச் செலவழித்து, பிறகு இருவரும் வென்றால் உங்களிடம் 1,290, அவரிடம் 1,500.

சமனில் முடிந்தால் என்ன செய்வார்கள், டபுளுக்குப் பாதித் தொகை வைக்கலாமா, சரண்டர் உண்டா என்பவை இடத்துக்கு இடம் மாறும். விதித்தாளை உட்காரும் முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள். சரண்டரை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்துக் கையைக் கீழே வைப்பதுதான் சரண்டர். 16 வைத்திருப்பவர் டீலரின் 10-ஐப் பார்த்ததும் பழக்கத்தில் சரண்டர் சொல்லிவிடுவார். பின்தங்கியிருக்கிறோம் என்பதே அந்த நொடியில் அவருக்கு மறந்துபோகும். 500-இல் 250 போய் அவரிடம் 750. நீங்கள் 480 வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு ராஜாக்கள், 20. ஆடினால் பெரும்பாலும் வெல்வீர்கள், ஆனால் டீலர் 21 எடுத்துவிட்டால் உங்களிடம் 570-தான். சரண்டர் சொன்னால் 240 போய் 810 மிஞ்சும். 750-க்கு 810, இனி எந்தச் சீட்டாலும் மாற்ற முடியாது. 20 வைத்துக்கொண்டு சரண்டர் சொன்னால் டீலரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, “நிச்சயமாகவா?” என்று கேட்பார். ஆம் என்று சொல்லுங்கள்.